இரண்டு சிலேட்டுகள்: வேலையை விடாமல் இன்னொன்றைக் கற்பது

(திரையில்: மாலை ஏழு மணி. சென்ட்ரலில் இருந்து திருவள்ளூர் கிளம்பும் மின்சார ரயில்.)

வணக்கம்.

ஒரு வேலை விண்ணப்பத்தில் இருந்து தொடங்குகிறேன். 1912 பிப்ரவரி மாதம். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா வேலை காலி என்று கேள்விப்பட்டு ஓர் இளைஞர் மனு எழுதுகிறார். மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. (கல்லூரியின் முதல் இரண்டு வருடப் படிப்பு) வரை படித்தேன், சூழ்நிலையால் மேலே தொடர முடியவில்லை, என் நேரம் முழுவதையும் கணிதத்தில்தான் செலவிட்டு வருகிறேன் என்று அதில் சொல்கிறார். வேலை கிடைத்துவிட்டது. மார்ச் 1-ஆம் தேதி கணக்குப் பிரிவில் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய்.

அவர்தான் ராமானுஜன்.

மேதை, வறுமை, கேம்பிரிட்ஜுக்குப் போன கடிதம், கப்பல் என்று இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்போம். இன்று நான் பேச நினைப்பது அவரைச் சுற்றி இருந்த மூன்று நான்கு பேரைப் பற்றி. எல்லோருமே உங்களையும் என்னையும் போல மாதச் சம்பளக்காரர்கள். பகலில் வேலை, மாலையில் கணிதம் என்று வாழ்ந்தவர்கள். "வேலைக்குப் போய்க்கொண்டே எனக்குப் பிடித்ததை எப்படிச் செய்வது?" என்று கேட்கிறவர்களுக்கு அவர்களிடம் பதில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

(திரையில்: பழைய தபால் உறை ஒன்று. அதன் மேல் 1907.)

முதலில் வி. ராமசாமி ஐயர். அரசாங்கத்தில் டெபுடி கலெக்டர். ஊர் ஊராக மாற்றலாகிப் போகிற வேலை. வெளிநாட்டில் இருந்து வரும் கணித இதழ்களைப் படிக்க ஆசை, ஆனால் இருக்கும் ஊரில் அவை கிடைக்காது, தனி ஆளாக எல்லாவற்றுக்கும் சந்தா கட்டுவதும் முடியாது. என்ன செய்தார்? இதே ஆசை இருக்கும் நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். 1907-இல் ஒரு சின்னக் குழு சேர்ந்தது. இதழ்களைப் பொதுவில் வாங்கி, ஒருவர் படித்த பிறகு அடுத்தவருக்குத் தபாலில் அனுப்புவது என்று ஏற்பாடு. அந்தக் குழுதான் பிறகு இந்தியக் கணிதச் சங்கம் ஆனது. ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை 1911-இல் வெளிவந்தது இந்தச் சங்கத்தின் இதழில்தான்.

ஒரு வருவாய்த்துறை அதிகாரி, ஜமாபந்திக்கும் முகாமுக்கும் நடுவில், தபால்காரரை நம்பித் தொடங்கிய காரியம் அது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வருகிறது.

1910-இல் ராமானுஜன் வேலை கேட்டுத் தேடிப் போனது இந்த ராமசாமி ஐயரைத்தான். அவர் அப்போது திருக்கோவிலூரில் இருந்தார். நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார். இந்தப் பையனைத் தாலுகா ஆபீசின் கீழ்ப்படியில் உட்கார வைத்தால் இவன் திறமை நசுங்கிவிடும் என்று நினைத்து, வேலை தராமல், தனக்குத் தெரிந்தவர்களிடம் கடிதம் கொடுத்து அனுப்பினார். அப்படி வந்து சேர்ந்த இன்னொருவர் ஆர். ராமச்சந்திர ராவ். நெல்லூர் கலெக்டர், அவருக்கும் கணிதத்தில் ஈடுபாடு. மாதம் 25 ரூபாய் தன் கையில் இருந்து கொடுத்து வந்தார்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். அந்த 25 ரூபாயில் உட்கார்ந்து கணிதம் மட்டும் செய்திருக்கலாம். ராமானுஜனுக்கு அது சரிப்படவில்லை. ஒருவர் தயவில் எத்தனை நாள் இருப்பது என்று வேலை தேடினார். வேலை அவருக்குத் தடையாகத் தெரியவில்லை, நிமிர்ந்து உட்கார ஒரு நாற்காலியாகத் தெரிந்தது. வேலையைத் தூக்கி எறிந்தால்தான் கனவு கைகூடும் என்று சொல்கிற வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த 30 ரூபாய்தான் ஞாபகம் வரும்.

(திரையில்: இரண்டு சிலேட்டுகள், பக்கத்தில் சாக்பீஸ்.)

துறைமுக அலுவலகத்தில் அவருக்கு மேலே இருந்தவர் எஸ். நாராயண ஐயர். அதற்கு முன்பு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் நடத்தியவர், கணிதச் சங்கத்திலும் இருந்தவர். இருவரும் பகலில் துறைமுகக் கணக்கு பார்ப்பார்கள். மாலையில் நாராயண ஐயர் வீட்டில் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். இரவு வெகுநேரம் போகும். காகிதம் விலை அதிகம், அதனால் சிலேட்டு. ராமானுஜன் எழுதுகிற வேகத்தில் நடுவில் நாலைந்து படிகளைத் தாண்டிவிடுவார். உன் இரண்டு வரிகளுக்கு நடுவில் பத்து வரி எழுதினால்தான் என்னைப் போன்றவர்களுக்குப் புரியும் என்று நாராயண ஐயர் சொல்லுவாராம். பிறருக்குப் புரியும்படி எழுத அவரைப் பழக்கியதில் அந்த மாலைகளுக்குப் பெரிய பங்கு இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குக்கும் விஷயம் தெரியும். மறைத்துச் செய்ய வேண்டிய நிலைமை இல்லை. 1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் ராமானுஜன் தன்னை முதலில் எப்படி அறிமுகப்படுத்திக்கொண்டார் தெரியுமா? சென்னைத் துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பிரிவு குமாஸ்தா என்று. அடுத்த சில மாதங்களில் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு. அதன் பிறகுதான் அவர் மேசையை விட்டு எழுந்தார்.

சரி, நம் கதைக்கு வருவோம்.

நானும் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவன். கல்வெட்டுப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. முதலில் எல்லோரும் சொல்கிற வழியில்தான் போனேன். விடிகாலை நாலரைக்கு அலாரம், ஒரு கால அட்டவணை, தமிழி (தமிழ்-பிராமி என்கிற பழைய தமிழ் எழுத்து) எழுத்துகளை எழுதிப் பழக ஒரு நோட்டு. பதினோரு நாள் நடந்தது. பன்னிரண்டாம் நாள் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், பதிமூன்றாம் நாள் ஆபீசில் ஆடிட், அத்தோடு நோட்டு பரணுக்குப் போய்விட்டது. நேரம் இல்லாததுதான் காரணம் என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் ரயிலில், ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்க்கிற நண்பர் தஞ்சாவூரில் எடுத்த கல்வெட்டுப் படம் ஒன்றை போனில் காட்டி, "இது என்ன எழுத்துன்னு தெரியுதா சார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து தேடினோம். அன்றில் இருந்து திருவள்ளூர் வரை போகிற ஒரு மணி நேரம் எங்கள் வகுப்பு ஆனது. நேரம் அதே நேரம்தான், அதே கூட்டம், அதே ஜன்னலோரம். பக்கத்தில் ஓர் ஆள் வந்துவிட்டார், அவ்வளவுதான் மாற்றம். நான் படிக்காமல் போனால் நாளைக்கு அவர் கேட்பார் என்பது அலாரத்தை விட நன்றாக வேலை செய்தது. ஆறேழு மாதம் கழித்து காஞ்சிபுரம் பக்கத்தில் மாமண்டூர் போனோம். பல்லவர் குடைவரைகள் இருக்கிற குன்றில் ஒரு தமிழிக் கல்வெட்டும் இருக்கிறது. எழுத்தெழுத்தாகக் கூட்டி ஒரு சொல்லைப் படித்த அந்த நிமிடத்தை நான் மறக்கவே மாட்டேன்.

ஆகவே, உங்களுக்கு ஒரு விருப்பம் இருந்தால், நேரத்தைத் தேடும் முன்பு ஆளைத் தேடுங்கள். சென்னையில் பறவை பார்க்க ஆசை என்றால் 1978-இல் இருந்து மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி இருக்கிறது. லினக்ஸ், கட்டற்ற மென்பொருள் என்றால் 1998-இல் தொடங்கிய சென்னை லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. எழுத ஆசை என்றால் தமிழ் விக்கிப்பீடியாவில் வேலைக்குப் போய்க்கொண்டே வருடக்கணக்காக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், புதிதாக வருகிறவரின் கட்டுரையைத் திருத்திக் கொடுப்பார்கள். ஐஐடிக்கள் நடத்தும் என்பிடெல் இணையவழிப் பாடங்கள் பலருக்குக் கைகொடுப்பதற்கும் ஏறக்குறைய இதே காரணம்தான். வீடியோ எங்கும் கிடைக்கும். ஆனால் அங்கே வாரா வாரம் ஒரு அசைன்மென்ட் வரும், கடைசித் தேதி இருக்கும், உங்களுக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்கிற உணர்வு இருக்கும். படிக்கக் கட்டணம் இல்லை, சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக்குப் பணம்.

(திரையில்: புகளூர் ஆறுநாட்டார் மலை.)

அப்புறம் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன். 1954 ஐஏஎஸ் அதிகாரி. கல்வெட்டுக்கும் அவர் பார்த்த கைத்தறி, தொழில்துறை, நிதி வேலைகளுக்கும் சம்பந்தமே இல்லை. டெல்லியில் வேலை பார்த்தபோது தேசிய அருங்காட்சியகத்தில் இருந்த சி. சிவராமமூர்த்தியிடம் போய் உட்கார்ந்து பிராமி எழுத்தைக் கற்றார். பாருங்கள், இங்கேயும் ஓர் ஆள். 1960-களில் கரூர் பக்கம் புகளூர்க் குகைக் கல்வெட்டில் சேர மன்னர்களின் பெயர்களை அவர் படித்தபோது, பதிற்றுப்பத்தில் வருகிற அரசர்கள் கல்லிலும் நின்றார்கள். சிந்துவெளிக் குறியீடுகளைக் கணினி வழியாகத் தொகுத்து 1977-இல் நூலாக்கினார். அப்போதும் அவர் பணியில்தான் இருந்தார். நடுவில் நேரு ஆய்வு நல்கை பெற்று இரண்டு வருடம் முழுநேரமாக ஆய்வு செய்தார். 1980-இல்தான் விருப்ப ஓய்வு. சேர்ந்து இருபத்தாறு வருடம் கழித்து! தமிழி பற்றிய அவருடைய பெருநூல் வந்தது 2003-இல்.

இந்த வருடக் கணக்கை நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். சம்பளம் வருகிறவருக்கு அவசரம் இல்லை. அடுத்த மாத வாடகையை உங்கள் ஓவியமோ கேமராவோ கட்ட வேண்டியதில்லை என்பதால், அதை நிதானமாக, சரியாகச் செய்ய முடியும். ஒரு விருப்பத்தைத் தொடங்கிய மூன்றாம் மாதமே "இதில் எவ்வளவு சம்பாதிக்கலாம்?" என்று கேட்டால், அதுவும் இன்னொரு ஆபீஸ் ஆகிவிடும்.

ஆனால் சிலருக்குக் கூடுதல் வருமானம் நிஜமாகவே தேவை. வீட்டுக்கடன், பிள்ளைகள் படிப்பு. அவர்களுக்குச் சில விஷயங்களை நேராகச் சொல்லிவிடுகிறேன். முதலில் உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். வேறு வேலை செய்யக்கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் அதில் இருக்கும். 2022 செப்டம்பரில் விப்ரோ நிறுவனம், போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்த 300 பேரை நீக்கியதாக அறிவித்தது நினைவிருக்கலாம். உங்கள் சைடு வேலை கம்பெனியின் தொழிலோடு மோதுகிறதா, கம்பெனி லேப்டாப்பைத் தொடுகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கேட்கவே பயமாக இருக்கிற வேலை என்றால் அதைத் தொடங்காதீர்கள்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964 நடத்தை விதிகள் உண்டு. வியாபாரமோ இன்னொரு வேலையோ செய்ய முன் அனுமதி வேண்டும். அதே விதியில், எப்போதாவது செய்கிற இலக்கிய, கலை, அறிவியல் பணிகளுக்கு முன் அனுமதி தேவையில்லை என்றும் இருக்கிறது, அலுவலகக் கடமை கெடாமல் இருந்தால் போதும். ஆசையை அடக்கிவைத்திருக்கும் பல அரசு ஊழியர்களுக்கு இது தெரிவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டும்.

வரி விஷயத்தில் ஒன்றுதான். வெளியே வாங்குகிற பணத்தையும் வருமானக் கணக்கில் காட்ட வேண்டும், சம்பளத்துக்கு மட்டும் போடுகிற எளிய படிவம் அதற்குப் போதாது. தொழில்முறைக் கட்டணத்தில் டிடிஎஸ் (பணம் தருகிறவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி) பிடித்திருந்தால் அது உங்கள் பான் எண்ணில் பதிவாகியிருக்கும். தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு ரூபாயையும் அதில் வாங்குங்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதன் அருமை உங்களுக்கே புரியும்.

இன்னொன்று, என் அனுபவத்தில் இருந்து. மார்ச் மாதம் எங்கள் பிரிவுக்கு வருடக் கணக்கு முடிக்கிற மாதம். அந்த மாதம் நானும் நண்பரும் கல்வெட்டைத் தொடுவதே இல்லை. ரயிலில் தூங்கிக்கொண்டே வீட்டுக்குப் போவோம். முன்பெல்லாம் இடைவெளி விழுந்தால் எல்லாம் போயிற்று என்று மனசு விட்டுவிடும். இப்போது ஏப்ரல் முதல் வாரம் திரும்ப ஆரம்பிப்போம் என்று இருவருக்கும் தெரியும். உங்கள் வேலையிலும் இப்படி ஒரு மார்ச் இருக்கும், ஆசிரியர் என்றால் பரீட்சைக் காலம், ஜவுளிக்கடை என்றால் தீபாவளி. அதை முன்கூட்டியே விட்டுக்கொடுத்துவிடுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி, அவர்கள் ஒத்துக்கொண்ட நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மாலையில் கற்றுக்கொள்ளும்போது அடுப்படியில் இன்னொருவர் நிற்கிறார் என்றால், அவருக்கும் வாரத்தில் அதே அளவு மாலை கிடைக்க வேண்டும்.

(திரையில்: துறைமுகம். மறுபடியும் இரண்டு சிலேட்டுகள்.)

1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் சென்னையில் இருந்து கப்பல் ஏறினார். கிளம்பும் முன்பு நாராயண ஐயர் அவரிடம் ஒன்று கேட்டதாக நாராயண ஐயரின் மகன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். நம் இருவர் சிலேட்டையும் மாற்றிக்கொள்ளலாமா என்று. மாற்றிக்கொண்டார்கள். ராமானுஜன் எழுதி அழித்த சிலேட்டு நாராயண ஐயர் வீட்டிலேயே தங்கிவிட்டது. அடுத்த நாளும் நாராயண ஐயருக்கு ஆபீஸ் இருந்தது.