கேதாரம், வதரி, முக்திநாத்: எந்த இரவு எந்த உயரத்தில்?

[திரையில்: ஏறுமுகமாக ஒரு கோடு. தஞ்சாவூர் 60 மீட்டர், ரிஷிகேஷ் 350, குப்தகாசி 1,300, கௌரிகுண்ட் 1,980, கேதார்நாத் 3,583.]

வணக்கம். கோட்டின் இடது ஓரத்தில் தரையோடு ஒட்டிக் கிடக்கிறதே, அதுதான் நம்ம தஞ்சாவூர். நாகப்பட்டினம், வேதாரண்யம் எல்லாம் அதற்கும் கீழே. வலது கோடியில் இருப்பது சீர்காழிச் சம்பந்தர் பதிகம் பாடிய திருக்கேதாரம். பிறந்ததிலிருந்து கடல்மட்டத்துக் காற்றையே சுவாசித்த உடம்பை மூன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகிறோம். ஆகவே யாத்திரைக்குத் தேதி போடும்போது எத்தனை கோயில் என்று கணக்குப் பார்க்காதீர்கள். எந்த இரவு எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மலையிலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கேதாரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் நம்மூரில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் நாள் கேட்கும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. நம்ம பக்கத்து வேன் டூர்கள் பலவும் குப்தகாசியில் ஒரு இரவு, மறுநாள் கேதாரத்தில் ஒரு இரவு என்று போடுகின்றன. ஒரே நாளில் 2,200 மீட்டர் தாவல்!

முதலில் காலம். கேதார்நாத் கோயில் அட்சய திருதியையை ஒட்டி, ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ திறக்கும். திறக்கும் தேதியை மகா சிவராத்திரி அன்று, கேதாரநாதரின் குளிர்கால இருப்பிடமான ஊக்கிமடத்தில் அறிவிப்பார்கள். தீபாவளி முடிந்த இரண்டாம் நாள் நடை சாத்திவிடும். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய அங்கே பருவமழை, நிலச்சரிவு. 2013 ஜூனில் வந்த பெருவெள்ளத்தில் பழைய நடைபாதையே அடித்துக்கொண்டு போனது. ஆகவே நமக்கு வாய்ப்பது இரண்டே காலம். மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்குள் போய்த் திரும்புவது ஒன்று. வயல் சும்மா இருக்கும், பிள்ளைகளுக்கும் லீவு, ஆனால் அங்கே கூட்டம் நெரியும். இன்னொன்று புரட்டாசி. வானம் தெளிவாக இருக்கும், மலை முழுசாகத் தெரியும். சம்பா நடவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்தால் புரட்டாசியைத் தேர்ந்தெடுங்கள். இரவுக் குளிர் மட்டும் கூடுதல்.

அடுத்தது முன்பதிவு. இதில் வரிசை மாறினால் சிக்கல். உத்தராகண்ட் அரசின் யாத்திரைப் பதிவு கட்டாயம், அதற்குக் கட்டணமில்லை. எந்தக் கோயில், எந்தத் தேதி என்று அதிலேயே குறிக்க வேண்டும். அது கையில் வந்த பிறகு ரயில். இப்போது 60 நாள் முன்னால்தான் ரயில் டிக்கெட் திறக்கிறது. பலரும் ரயிலை முதலில் போட்டுவிட்டு, கிடைத்த ஆறு நாளுக்குள் மலையைத் திணிக்கிறார்கள். ஹெலிகாப்டர் டிக்கெட் ஐ.ஆர்.சி.டி.சி.யின் ஹெலியாத்ரா தளத்தில் மட்டும். வாட்ஸ்அப்பில் "சீட் இருக்கு சார்" என்று வந்தால் பணம் அனுப்பாதீர்கள்.

[திரையில்: ஹரித்துவாரிலிருந்து பத்து நாள் வரைபடம்.]

இதுதான் நாங்கள் சொல்லும் திட்டம். முதல் நாள் ஹரித்துவாரிலிருந்து விடியற்காலை கிளம்பி, தேவப்பிரயாகையில் இறங்கிச் சேவித்துவிட்டு ஊக்கிமடம். பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் அந்தத் தேவப்பிரயாகைதான், பேருந்து ஜன்னலிலிருந்து கும்பிட்டுவிட்டுப் போக வேண்டிய இடமில்லை. இரண்டாம் நாள் சோப்தா, சுமார் 2,700 மீட்டர். கேதாரம் ஏறுமுன் உடம்பை உயரத்துக்குப் பழக்க அங்கே ஒரு இரவு தங்குவதுதான் திட்டத்தின் உயிர்நாடி. டூர்க்காரர் "அங்கே என்ன சார் இருக்கு?" என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். மூன்றாம் நாள் சோன்பிரயாக் இறங்கி ஓய்வு. நான்காம் நாள் கேதாரம் ஏறி அங்கே இரவு, ஐந்தாம் நாள் காலை தரிசனம் செய்து இறக்கம். ஆறாம் நாள் ஜோஷிமடம், ஏழாம் நாள் பத்ரிநாத், அதாவது வதரி, எட்டாம் நாள் இறக்கம். ஒன்பதாம் நாளைக் காலியாக விடுங்கள். பத்தாம் நாள் ஹரித்துவாரில் ரயில்.

கேதார ஏற்றம் கௌரிகுண்டிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். சொந்த வண்டி சோன்பிரயாகோடு நின்றுவிடும். அங்கிருந்து ஷேர் ஜீப். காலை ஐந்து மணிக்குள் நடக்கத் தொடங்கிவிடுங்கள், மதியத்துக்கு மேல் மேகம் இறங்கி மழை பிடித்துக்கொள்ளும். ஏற வேண்டிய செங்குத்து உயரம் 1,600 மீட்டர். திருச்சி மலைக்கோட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்தொன்பது முறை அடுக்கினால் வரும் உயரம் அது. டெல்டாவில் பயிற்சிக்கு மேடு கிடையாது. அதனால் மூன்று மாதம் முன்பிருந்தே தினமும் ஐந்து கிலோமீட்டர் ஆற்றங்கரை நடை, வாரம் ஒருநாள் மலைக்கோட்டை, கடைசி மாதம் குளித்தலை ஐயர்மலையின் 1,017 படிகள். ஊருக்குப் போடப்போகும் ஷூவையே போட்டு ஏறுங்கள். புது ஷூ மலையில் கொப்புளம் போடும். இறங்கும்போது நகம் முன்னால் இடிக்கும், ஆகவே கால் நகத்தை வெட்டிவிட்டுப் போங்கள்.

நடக்க முடியாதவர்களுக்குக் கோவேறு கழுதை, நாலு பேர் தூக்கும் டண்டி, முதுகுக் கூடையான கண்டி எல்லாம் உண்டு. அரசு கவுண்டரில் சீட்டு வாங்குங்கள். கழுதை எதிரே வந்தால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் வேண்டாம். ஹெலிகாப்டரில் போனால் நடை மிச்சம், உயரம் மிச்சமில்லை. அன்றே இறங்கிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது. மூடுபனியில் திரும்பும் சர்வீஸ் ரத்தாகும்போதுதான் வினை. ஸ்வெட்டரும் ராத்திரி மாத்திரையும் கீழே ரூமில் இருக்கும், பெரியவர் மேலே இருப்பார். அந்த இரண்டையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உயர நோய் பெரும்பாலும் போய்ச் சேர்ந்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தலைகாட்டும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, தூக்கமின்மை, சாப்பாடு பிடிக்காமை. மாமனார் "எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா, நான் படுத்துக்கறேன்" என்பார். விரதம் என்று விட்டுவிடாதீர்கள். தலைவலி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், பேச்சு குழறினால், குதிகாலைக் கட்டைவிரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கத் தடுமாறினால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முகாம் மருத்துவரிடம் காட்டி ஆக்சிஜன் வைத்து உடனே கீழே இறக்க வேண்டும். இறக்கம்தான் மருந்து. கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்ந்தால் மூக்குக்கு இதமாக இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது. கைக்கு அடங்கும் ஆக்சிஜன் டப்பாவும் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

பல்ஸ் ஆக்சிமீட்டர் கொண்டுபோனால் ஒரு விஷயம். குளிரில் விறைத்த விரலில் அது தப்பாகக் காட்டும். கையை அக்குளில் வைத்துச் சூடேற்றி, நகப்பூச்சு இல்லாத விரலில் மாட்டி, எண் நிலைத்து நிற்கும்வரை அரை நிமிடம் பொறுங்கள். அந்த உயரத்தில் நல்ல உடம்புக்கே 85, 90 என்றுதான் வரும். எண் நன்றாக இருந்தாலும் ஆள் குழறினால் ஆளை நம்புங்கள்.

பாதியில் திரும்பினால் தோஷம் என்று பெரியவர்கள் அழுவதுண்டு. அவர்களிடம் அப்பரைச் சொல்லுங்கள். கயிலைக்கு நடந்து உடம்பு தேய்ந்த அவரைத் திருப்பி அனுப்பித்தான் ஐயாற்றில் கயிலைக் காட்சி கொடுத்தார் ஈசன். ஆடி அமாவாசைக்கு ஐயாறே திரள்வது அதற்காகத்தான்.

தடுப்புக்கு அசிட்டசோலமைடு மாத்திரை உண்டு. வழக்கமாக 125 மில்லிகிராம், இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். சர்க்கரைக்காரர்களுக்கு ஏற்றத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கும், சட்டைப்பையில் குளுக்கோஸ் வேண்டும். இன்சுலின் உறைந்தால் வீண். பகலில் உள்சட்டையிலும் இரவில் கம்பளிக்குள்ளும் வையுங்கள். தூக்க மாத்திரை வேண்டாம்.

பருத்தி வேட்டியும் புடவையும் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே தெர்மல், நடுவே கம்பளி, மேலே மழைக்கோட்டு. தரிசனத்துக்கு மேலே வேட்டியைச் சுற்றிக்கொள்ளலாம். சமையல்காரரோடு போகும் குழுவுக்குக் குக்கர் அவசியம். அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது. பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கைகொடுக்கும்.

பத்ரிநாத்துக்குக் கோயில் வரை சாலை. பிரம்ம கபாலத்தில் திதி கொடுப்பவர்கள் மூன்று தலைமுறைப் பெயர்களையும் கோத்திரத்தையும் வீட்டிலேயே எழுதி எடுத்துப்போங்கள், அங்கே போய் நினைவு வராது. தப்த குண்டத்து வெந்நீரிலிருந்து எழுந்ததும் தலையைத் துவட்டிக் குல்லா போட்டுவிடுங்கள்.

முக்திநாத், அதாவது சாளக்கிராமம், நேபாளத்தில். விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானம் காலையில்தான் பறக்கும், அதற்குப் பிறகு காற்று விடாது. கோயில் சுமார் 3,750 மீட்டர். தரிசனம் முடித்து 2,700 மீட்டர் ஜோம்சோமுக்கு இறங்கி வந்து தூங்குங்கள். கோயிலில் நீராடும் 108 தாரைகளிலும் நீர் பனிக்கட்டிக் குளிர். இதய நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். இந்து சமய அறநிலையத்துறை முக்திநாத், மானசரோவர் யாத்திரைகளுக்கு மானியம் தருகிறது. டிக்கெட், ரசீது ஒன்றையும் தொலைக்காதீர்கள்.

திட்டத்தில் ஒன்பதாம் நாளைக் காலியாக விட்டோமே, அதைக் கடைசி வரை யாருக்கும் கொடுக்காதீர்கள். ரிஷிகேஷ் சாலையில் ஒரு பாறை சரிந்தால் அரை நாள் வண்டி நிற்கும். அந்த ஒரு நாள் கையில் இருந்தால் டிரைவரை ராத்திரியில் மலைச்சாலையில் ஓட்டச் சொல்ல வேண்டி வராது.