குழாய் மேல இருக்கிற பேரை நம்பலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். பிளாஸ்மிட் (பாக்டீரியாவுக்குள்ள வச்சு வளர்க்கிற வட்ட டி.என்.ஏ.) வீடியோவுக்கு அப்புறம் நிறைய கேள்வி வந்திருக்கு. அதுல ஒண்ணு ரெண்டு நாளா மண்டையைக் குடையுது. இன்னிக்கு அதை மட்டும் எடுத்துக்கறேன். சுருக்கி வாசிக்கிறேன்:

"பிஎச்.டி. முடிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு, மூலக்கூறு உயிரியல். இளம் ஆய்வாளர் விருது, ஃபெலோஷிப் ரெண்டுக்கும் விண்ணப்பம் எழுதிட்டிருக்கேன். செல் சவ்வுல ஒரு புரதம் கொத்துக் கொத்தாச் சேருதாங்கிறதுதான் கேள்வி. எந்த டெக்னிக்கைப் போட்டா தேர்வுக்குழு கண்ணுல படும்? கிரிஸ்பர் (ஜீனை வெட்டி மாத்துற முறை) போதுமா, சிங்கிள் செல் சீக்வென்சிங்கும் சேர்க்கணுமா? இன்னொண்ணு, பக்கத்து லேப்ல ஒரு ஜி.எஃப்.பி. (பச்சையா ஒளிர்ற புரதம்) பிளாஸ்மிட் வாங்கி வச்சிருக்கேன். அவங்க பேப்பர் போட்டதுதான். அதை மறுபடி சீக்வென்ஸ் பண்ணணுமா (டி.என்.ஏ. எழுத்தை வரிசையாப் படிக்கணுமா)?"

கேட்டவங்களுக்கு முதல் பாதிதான் முக்கியம், கடைசி வரி சும்மா ஒட்டுக்கு வந்தது. எனக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வியே. ஆனாலும் முறைப்படி முதல்ல இருந்தே வர்றேன்.

விருதுன்னு பொதுவாச் சொல்றோமே, அதுல ரெண்டு ஜாதி இருக்கு. முடிச்ச வேலைக்குக் கொடுக்கிறது ஒண்ணு. எப்பன்டார்ஃப் இளம் ஐரோப்பிய ஆய்வாளர் விருது 1995-ல இருந்து வருது, வயசு 35-க்குள்ள இருக்கணும். சயன்ஸ் இதழும் சைலைஃப்லேபும் சேர்ந்து கொடுக்கிற பரிசுக்கு, உங்க பிஎச்.டி. வேலையைப் பத்தி 1,000 வார்த்தைக்குள்ள கட்டுரை எழுதணும். இந்த மாதிரி இடத்துல டெக்னிக் பேரை அடுக்கினீங்கன்னா கெட்டது குடி. ஆயிரம் வார்த்தைல இருநூறை மெஷின் பேரே தின்னுடும். என்ன தெரியாம இருந்தது, இப்ப என்ன தெரிஞ்சது, அவ்வளவுதான் அங்க கேள்வி.

இன்னொரு ஜாதி, இனிமே செய்யப்போற வேலைக்கு. எம்போ (ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பு) ஃபெலோஷிப், ஸ்ட்ராஸ்பூர்க்ல இருக்கிற எச்.எஃப்.எஸ்.பி. (ஹியூமன் ஃபிரான்டியர் சயன்ஸ் புரோகிராம்), ஐரோப்பிய ஆய்வுக் குழுமத்தோட ஸ்டார்ட்டிங் கிராண்ட், அமெரிக்காவுல தேசிய சுகாதார நிறுவனத்தோட கே99 நிதி. இதுல எச்.எஃப்.எஸ்.பி. தனி ரகம். பிஎச்.டி.யில செஞ்சதையே நீட்டிச் செய்றேன்னா எடுக்க மாட்டாங்க, புதுத் துறைக்குத் தாவணும். கே99 நேர் எதிர். முதல் கட்டம் ஒரு வழிகாட்டிக்குக் கீழே அதிகபட்சம் 2 வருஷம், அப்புறம் சொந்தமா 3 வருஷம் வரைக்கும். அங்க உங்க தொடர்ச்சியையும் சேர்த்துப் பார்ப்பாங்க. ஒரே விண்ணப்பத்தைப் பேர் மாத்தி நாலு இடத்துக்கு அனுப்புறவங்க இதுலதான் அடி வாங்குறாங்க.

தேதி விஷயம் ஒண்ணு. "பிஎச்.டி. முடிச்சு இத்தனை வருஷத்துக்குள்ள"ன்னு இருந்தா, அது வாய்மொழித் தேர்வு நடந்த நாளா, பட்டச் சான்றிதழ்ல இருக்கிற நாளான்னு பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல ஆறு மாசம் ஓடியிருக்கும். குழந்தை பெத்துக்கிட்டவங்களுக்கு விலக்கு உண்டு. ஐரோப்பிய ஆய்வுக் குழுமத்துல தாய்மார்களுக்கு ஒரு குழந்தைக்கு 18 மாசம் கூட்டித் தர்றாங்க. தெரியாமலே "நமக்குக் காலம் கடந்துபோச்சு"ன்னு விட்டவங்க உண்டு. விதி மாறிக்கிட்டே இருக்கும், அந்தந்த வருஷத்து அறிவிப்பையே படிங்க.

சரி, எந்த டெக்னிக்? கிரிஸ்பர் பேரைப் பார்த்து யாரும் அசர மாட்டாங்க. 2012-ல வந்த கட்டுரை, 2020-ல நோபல், இப்ப அது குழாய்த் தண்ணி மாதிரி. குழுவுல உட்கார்ந்திருக்கிறவர் தேடுறது ஒண்ணே ஒண்ணு: இந்தக் கருவி சொன்னதைச் செஞ்சுதான்னு இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? நம்ம பழைய ஆளுங்க சிரிக்கிறது தெரியுது. எங்க ஆரம்பிச்சாலும் நான் 'கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்கிற சோதனை) எங்க'ன்னுதான் வந்து நிப்பேன்.

இதுக்கு ஜி.எஃப்.பி.யை விட நல்ல கதை கிடையாது. ஜெல்லிமீன்ல இருந்து அந்த ஜீனைப் பிரிச்சு 1992-ல வெளியிட்டவர் டக்ளஸ் பிராஷர். ஒளிருதான்னு பார்க்கிறதுக்குள்ள நிதி தீர்ந்துபோச்சு. டி.என்.ஏ.வைக் கேட்டவங்களுக்கு அனுப்பிவச்சார். அதுல மார்ட்டின் சால்ஃபி ஒருத்தர், ராஜர் சியென் ஒருத்தர். 2008-ல அவங்க ரெண்டு பேருக்கும், அந்தப் புரதத்தை ஜெல்லிமீன்ல முதல்ல கண்டுபிடிச்ச ஷிமோமுராவுக்கும் நோபல் அறிவிச்சப்ப, பிராஷர் ஒரு கார் விற்பனை நிலையத்துல வேன் ஓட்டிக்கிட்டிருந்தார். விருதுகளைப் பத்திப் பேசும்போது இதையும் ஒரு ஓரமா வச்சுக்கணும்.

நான் சொல்லவந்தது வேற. டி.என்.ஏ. கையில கிடைச்சும் பல லேப்ல அது ஒளிரலை. சால்ஃபி லேப்ல ஒளிர்ந்துச்சு. ஏன்னா, மத்தவங்க ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைமால (டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட எழுத்து வரிசையில வெட்டுற கத்தரி) வெட்டி எடுத்தாங்க, ஜீனுக்கு முன்னாடி பின்னாடி இருந்த கூடுதல் துண்டும் கூடவே வந்துடுச்சு. லேப் லேபா மாறிக் கொஞ்ச நாள் பழகுற சுழற்சிக்கு வந்த மாணவி கியா யூஸ்கிர்ஷென் பி.சி.ஆர். (டி.என்.ஏ. துண்டைப் பல நகல் எடுக்கிற முறை) போட்டு, புரதத்தை எழுதுற பகுதியை மட்டும் எடுத்தாங்க. அதை வச்ச இ.கோலை பாக்டீரியா பச்சையா ஒளிர்ந்துச்சு. அதையும் அந்த லேப் மைக்ரோஸ்கோப்ல பார்க்கலை, தான் முன்னாடி இருந்த லேப்ல நல்ல மைக்ரோஸ்கோப் இருக்குன்னு அங்க போய்ப் பார்த்தாங்க. 1994-ல கட்டுரை வந்துச்சு.

இப்ப இதுக்கு மறுபக்கம். பி.சி.ஆர். தப்பு பண்ணும்னு அப்ப பல பேருக்குப் பயம். அந்தப் பயமும் வீண் இல்லை. உலகம் பூரா சுத்தின பழைய ஜி.எஃப்.பி. குழாய்கள் பலதுல 80-ஆவது இடத்துல குளுட்டமின்ங்கிற அமினோ அமிலத்துக்குப் பதிலா ஆர்ஜினின் இருக்கு. பி.சி.ஆர். பிழையாத்தான் இருக்கணும். நல்லவேளை, ஒளிர்றதைக் கெடுக்கலை. ஆனா குழாய் மேல என்ன எழுதியிருந்துச்சு? ஜி.எஃப்.பி.ன்னுதான்.

அதனால உங்க கடைசி வரிக்கு பதில்: ஆமா, சீக்வென்ஸ் பண்ணுங்க. முழு பிளாஸ்மிட்டையும். நானோபோர்ங்கிற முறையில சுத்தி முழுசாப் படிச்சுத் தர்ற சேவை இப்ப சாதாரணம், பிரைமர் (படிக்க ஆரம்பிக்கிற இடத்தைக் காட்டுற குட்டி டி.என்.ஏ.)கூடத் தேவையில்லை. உள்ள செருகின ஜீனை (இன்செர்ட்) மட்டும் பழைய சாங்கர் முறையில படிச்சா, ஜீனைத் தொடங்கிவைக்கிற புரொமோட்டர்லயும் முடிக்கிற பாலி-ஏ-லயும் என்ன விழுந்துபோச்சுன்னு தெரியாது.

எப்படிச் செய்யறது? பாக்டீரியாவா வந்திருந்தா, அந்த ஸ்டேப்ல (பாக்டீரியாவைக் குத்தி வச்சு அனுப்புற அகார் குழாய்) இருந்து நேரா எல்.பி. வளர்ப்புத் திரவத்துல போடாதீங்க. அதுல இருக்கிறது ஒரு கூட்டம். சிலது பிளாஸ்மிட்டைத் தொலைச்சிருக்கும், சிலதுல அது மறுசேர்க்கை ஆகியிருக்கும். ஆன்டிபயாட்டிக் தட்டுல கோடு இழுத்து, ஒத்தைக் காலனி எடுத்து, 5 மில்லி எல்.பி.ல 12-ல இருந்து 16 மணி நேரம் வளர்த்து மினிப்ரெப் பண்ணுங்க (பிளாஸ்மிட்டைப் பிரிச்சு எடுங்க). ஆம்பிசிலின் 100 மைக்ரோகிராம், கானமைசின் 50, மில்லிக்கு. ஆம்பிசிலின் தட்டை ஒருநாள் முழுக்க விட்டுட்டா பெரிய காலனியைச் சுத்திக் குட்டிக் குட்டியா முளைக்கும். அதுல பிளாஸ்மிட் இருக்காது. பெரியது வெளியே விடுற என்சைம் சுத்தியிருக்கிற மருந்தைத் தின்னுட்டதால வர்ற ஒட்டுண்ணிக் கூட்டம் அது. அதைத் தொட்டு எடுத்துட்டு "மினிப்ரெப்ல ஒண்ணுமே வரலை"ன்னு எழுதுறவங்க எத்தனை பேர்! லென்டிவைரஸ் பிளாஸ்மிட்னா ஸ்டிபிஎல்3 மாதிரி மறுசேர்க்கை குறைவான இ.கோலை ரகத்துல, 30 டிகிரில வளர்த்துடுங்க.

டி.என்.ஏ. எவ்வளவு சுத்தம்னு ஒளி உறிஞ்சலை அளந்து பார்க்கும்போது 260/280 விகிதம் 1.8 பக்கம் வந்துட்டா சந்தோஷப்பட்டு 260/230-ஐ மறந்துடறாங்க. அது குறைவா இருந்தா கிட்ல இருக்கிற குவானிடின் உப்பு கூட வந்திருக்கு. இன்னொரு வாஷ், அப்புறம் திரவம் எதுவும் ஊத்தாம கிட்டோட வடிகட்டிக் குழாயை (காலம்/column) 2 நிமிஷம் சுத்துங்க. பிறகு வெட்டின டி.என்.ஏ., வெட்டாத டி.என்.ஏ. ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல 1 சதவீத ஜெல்ல ஓட்டுங்க. எக்ஸ்பிஏஐ (இதுவும் ஒரு வெட்டு என்சைம்) வெட்டலைன்னா உடனே பிளாஸ்மிட் தப்புன்னு முடிவு கட்டாதீங்க. அது வெட்டுற எழுத்து வரிசை டிசிடிஏஜிஏ. அதுக்கு முன்னாடி ஜிஏ, இல்ல பின்னாடி டிசி வந்தா நடுவுல ஜிஏடிசி உருவாகும். சாதாரண இ.கோலை தன்னோட டேம் என்சைமால அதுல மெத்தில்ங்கிற சின்ன வேதி முத்திரையை வச்சுடும், எக்ஸ்பிஏஐ வெட்டாது. டேம் என்சைம் இல்லாத ரகத்துல வளர்த்து எடுத்தா வெட்டும். இதை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில திரும்ப வர்றேன்.

சீக்வென்ஸ் வந்ததும் உங்களுக்கு முக்கியமான இடம் ஒண்ணு இருக்கு. ஜி.எஃப்.பி. தானே லேசா ஜோடி சேரும். செல்லுக்குள்ள தனியா மிதந்தா தொந்தரவில்லை. சவ்வுல நெருக்கமா இருக்கிற புரதத்தோட ஒட்டினீங்கன்னா, கொத்துச் சேர்றது உங்க புரதமா, ஜி.எஃப்.பி.யான்னு பிரிக்கவே முடியாது. உங்க கேள்வியே கொத்துச் சேருதாங்கிறதுதானே! 206-ஆவது இடத்துல அலனின் இருந்தா ஜோடி சேர்ற ரகம், லைசின் இருந்தா தனியா நிக்கிற ரகம். பார்க்கும்போது ஒரு பொறி இருக்கு: இன்னும் நல்லா ஒளிர்ற மாதிரி மாத்தின ஈ.ஜி.எஃப்.பி.ல முதல் மெத்தியோனினுக்கு அடுத்து ஒரு வேலின் கூடுதலா இருக்கு. அதனால மென்பொருள் எண்ணும்போது அது 207-ஆவதா வரும். 206-ல செரினைப் பார்த்துட்டு வேற ஏதோ புரதம்னு பதறாதீங்க.

இதைத்தான் விண்ணப்பத்துல எழுதணும். "ஜி.எஃப்.பி. இணைத்துப் பார்ப்போம்"னு எழுதினா ஒரு வரி. "206-ல் லைசின் உள்ள ரகத்தைப் பயன்படுத்துவோம், அதே சவ்வில் கொத்துச் சேராத ஒரு புரதத்தையும் அதே ஜி.எஃப்.பி.யுடன் ஒட்டிக் கன்ட்ரோலாக வைப்போம்"னு எழுதினா, படிக்கிறவர் பேனாவைக் கீழ வச்சுட்டு நிமிர்ந்து உட்காருவார்.

கிரிஸ்பருக்கும் அதே கணக்குதான். வெட்டுற இடத்தைக் காட்டுற கைடு ஆர்.என்.ஏ. 20 எழுத்து, டி.என்.ஏ.ல அதுக்குப் பக்கத்துல என்ஜிஜி, அதுக்கு 3 எழுத்து முன்னாடி வெட்டு, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், எழுத வேண்டாம். எழுத வேண்டியது இது: ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமில்லாத ரெண்டு கைடு. ஒரே கைடுல வந்த மாற்றம் வேற எங்கயோ வெட்டினதாலயும் வரலாம். வெட்டின இடத்தைச் சுத்தி 500-ல இருந்து 700 எழுத்து பி.சி.ஆர். பண்ணி சீக்வென்ஸ். மூணின் மடங்கா எழுத்து போயிருந்தா, மூணு மூணா எழுத்தைப் படிக்கிற சட்டகம் உடையாது, புரதம் கொஞ்சம் குட்டையா அங்கயே உட்கார்ந்திருக்கும். புரதத்தை ஆன்டிபாடியால தேடுற வெஸ்டர்ன் பிளாட்ல பட்டை காணோம்னாலும் நம்பாதீங்க. ஆன்டிபாடி பிடிக்கிற முனை மட்டும் போய், அடுத்த தொடக்கக் குறியான ஏடிஜி-ல இருந்து மீதி புரதம் உருவாகியிருக்கலாம். கடைசியா, ஜீனைத் திருப்பிக் கொடுத்தா பழைய நிலைமை திரும்பணும். அப்படிக் கொடுக்கிற சி.டி.என்.ஏ.ல (ஆர்.என்.ஏ.ல இருந்து எடுத்த டி.என்.ஏ. நகல்) அந்த என்ஜிஜி-யை அமினோ அமிலம் மாறாத மாதிரி மாத்திடுங்க, இல்லன்னா கிரிஸ்பரோட வெட்டு என்சைமான காஸ்9 அதையும் வெட்டிப் போட்டுடும். இந்த ஒரு வரிக்காகவே மதிப்பெண் போடுவாங்க.

க்யூ.பி.சி.ஆர். (டி.என்.ஏ. எவ்வளவு இருக்குன்னு அளக்கிற பி.சி.ஆர்.) பத்தித் தனி வீடியோவே இருக்கு, அதனால ஒரு வார்த்தை. பத்துப் பத்து மடங்கா அஞ்சு படி நீர்க்க வச்சு வரைஞ்சா சாய்வு -3.32 வரணும், அது 100 சதவீதத் திறன். -3.1-ல இருந்து -3.6 வரைக்கும் ஒத்துக்கலாம். திறன் 110 சதவீதத்துக்கு மேல போச்சுன்னா பிரைமர் ரொம்ப நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தமில்லை, அடர்த்தியான சாம்பிள்ல ஏதோ தடுப்பான் இருக்கு.

செல்லும் குழாய் மாதிரிதான், மேல இருக்கிற பேரை அப்படியே நம்பக் கூடாது. எம்.டி.ஏ-எம்.பி-435-ன்னு ஒரு செல் வரிசை, மார்பகப் புற்றுன்னு வருஷக்கணக்கா வேலை பார்த்தாங்க. டி.என்.ஏ. பொருத்திப் பார்த்தப்ப அது எம்14-ங்கிற தோல் மெலனோமா. செல் எந்த ஆளோடதுன்னு டி.என்.ஏ.வை வச்சுப் பார்க்கிற எஸ்.டி.ஆர். சோதனையும், செல் வளர்ப்புல தெரியாம கலந்துடுற மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான பி.சி.ஆரும் எப்பெப்பன்னு திட்டத்துல ஒரு வரி போடுங்க. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல் சுவரே இல்லாததால பென்சிலின் போட்டு வச்சிருக்கோம்ங்கிற தைரியம் உதவாது.

சிங்கிள் செல் சீக்வென்சிங் சேர்க்கணுமான்னு கேட்டீங்க. வேண்டாம். அது எந்தச் செல்லுல எந்த ஆர்.என்.ஏ. இருக்குன்னு சொல்லும். சவ்வுல புரதம் எங்க நிக்குதுன்னு சொல்லாது.

உங்க பிளாஸ்மிட்ல 206-ல அலனின்தான்னு தெரிஞ்சா, மாத்துறது ஒரு வார வேலை. அலனினுக்கான ஜிசிசி-யை லைசினுக்கான ஏஏஜி ஆக்குங்க. 30-ல இருந்து 40 எழுத்துல ரெண்டு பிரைமர், மாத்துற இடம் நடுவுல. பி.சி.ஆர். முடிஞ்சதும் டிபிஎன்ஐ என்சைம் போட்டு 37 டிகிரில ஒரு மணி நேரம் வையுங்க. அது மெத்தில் இருக்கிற பழைய டி.என்.ஏ.வை மட்டும் தின்னுடும், புதுசு தப்பிக்கும். இங்கதான் அந்த எக்ஸ்பிஏஐ கதை திரும்ப வருது. வெட்டிப் பார்க்கிறதுக்காக டேம் இல்லாத ரகத்துல வளர்த்தீங்களே, அந்த ப்ரெப்பையே இதுக்கும் எடுத்துட்டீங்கன்னா மெத்தில் கிடையாது, டிபிஎன்ஐ பழசைத் தொடாது, தட்டு நிறையக் காலனி வரும், பெரும்பாலும் பழைய அலனின்தான். அதனால குழாய் மூடியில பிளாஸ்மிட் பேரோட, எந்த ரகத்துல வளர்த்ததுன்னும் எழுதிடுங்க.