அப்பாவின் காதில் விழாத சொல்

பெரியவர்களே, தாய்மார்களே, அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் போகவிருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம். நம் பிள்ளைகள் நிதித் திட்டமிடல், அதாவது குடும்பத்தின் பணத்துக்கு வழிகாட்டும் படிப்பைப் படிக்க வேண்டும் என்று கேட்கத்தான் நிற்கிறேன்.

1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து சேர்ந்தது. ஒப்பந்தக் கூலிகளுக்கு முதலாண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். 1895இல் டர்பனை ஆண்ட நேட்டால் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது: ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி. அதாவது 60 ஷில்லிங். அந்த முதலாண்டுச் சம்பளத்தில் ஆறு மாதக் கூலி! 1913 வேலைநிறுத்தத்தில் நம் மக்கள் சிறை சென்று, உயிரும் கொடுத்த பிறகு, 1914இல்தான் அது ஒழிந்தது. கைநாட்டு வைத்த தாளில் இருந்ததைப் படிக்க முடியாதவர்கள் அவர்களில் ஏராளம்.

என் அப்பா கைநாட்டு வைத்தவரல்ல. துணி ஆலையில் வேலை; கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். வீட்டுக் கூரை ஒழுகியபோது ஒரு கடன் கடையில் கையெழுத்துப் போட்டார். "வட்டி அஞ்சுதானே" என்றார் அம்மாவிடம். 'அஞ்சு' காதில் விழுந்தது, 'மாதத்துக்கு' விழவில்லை. ஆயிரம் ரேண்டுக்கு மாதம் 50 என்றால் ஆண்டுக்கு 600. கூரை ஒழுகல் நின்றது. அம்மாவின் தாலிச்சங்கிலி திரும்பவே இல்லை.

அதனால்தான் கேட்கிறேன்: பிள்ளை நிதித் திட்டமிடல் படிக்கிறேன் என்றால், "பாலிசி விற்கவா படிப்பு?" என்று தடுக்காதீர்கள். அந்தப் படிப்பில் பெரும்பகுதி சட்டம்: வரி, உயில், ஓய்வூதியம், திருமணச் சொத்து. முன்கூட்டி ஒப்பந்தம் எழுதாமல் பதிவுத் திருமணம் செய்தால் மாப்பிள்ளையின் பழைய கடன் பெண்ணையும் சேரும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 2024 செப்டம்பர் 1 முதல் கட்டும் ஓய்வூதியப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை ஓய்வுக்கு முன்பே எடுக்கலாம். எடுத்தால் வருமானத்தோடு சேர்த்து வரி. 35 வயதில் எடுக்காமல் விட்ட 10,000 ரேண்ட், ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்தால் 65இல் ஏறக்குறைய ஒரு லட்சம். இதை வீட்டில் உட்கார்ந்து விளக்க ஒரு பிள்ளை வேண்டாமா?

2002ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நிதி ஆலோசனையைத் தொழிலாகச் செய்ய உரிமமும் தகுதியும் வேண்டும். ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே முதுநிலை டிப்ளோமா இருக்கிறது. 1980கள் வரை இந்தியர் குடியிருக்கவே தடை இருந்த மாநிலம் அது. அங்கே நம் பிள்ளை போய் உட்காருவதை நான் பார்க்க வேண்டும்.

வரும் ஞாயிறு இதே மண்டபத்தில் கூடுவோம். அலமாரியில் கிடக்கும் பாலிசித் தாள், கடன் தாள் எதுவானாலும் எடுத்து வாருங்கள். வரிவரியாகச் சேர்ந்து படிப்போம்.