நோட்டு வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூர் வேலைக்கான தொழில்திறன் டெஸ்ட் அடிக்கப் போகிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன், பாதிக் கூட்டம் தூக்கிவிட்டது. சரி, அப்படியென்றால் அந்த ஊரின் அழகைச் சொல்லி உங்கள் நேரத்தைத் தின்ன மாட்டேன். நான் 2009இல் போனேன், 2021இல் திரும்பினேன். பன்னிரண்டு வருஷமும் கட்டுமான வேலை, ஒர்க் பெர்மிட். அங்கே சட்டம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். நன்றாகவே இருக்கிறது. ஆனால் நம் கையில் காகிதம் இருந்தால்தான் அது நம் பக்கம் பேசும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதல் காகிதம் ஐபிஏ லெட்டர், அதாவது ஒர்க் பெர்மிட்டுக்கு முன்னதாக வரும் ஒப்புதல் கடிதம். ஏஜென்ட் அதை விசா என்பார். உங்கள் பேஸிக் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். தமிழிலும் வரும், கேட்டு வாங்குங்கள். "அதிலிருக்கும் சம்பளம் சும்மா எம்ஓஎம் கணக்குக்கு, கையில் வருவது வேறு" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். எம்ஓஎம் என்பது அங்குள்ள மனிதவள அமைச்சு. நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டு, கம்பெனி எம்ஓஎம்முக்கும் தெரிவித்த பிறகுதான் அந்தச் சம்பளத்தைக் குறைக்க முடியும். அதனால்தான் போய் இறங்கிய அன்றைக்கே சில இடங்களில் ஒரு கத்தைத் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். படிக்காமல் போடாதீர்கள். வெற்றுத்தாளில் போடவே போடாதீர்கள். நான் போட்டேன், அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

இப்போது ஓடி, அதாவது ஓவர்டைம் கணக்கு. வாரத்துக்கு 44 மணி நேரம் சாதாரண வேலை. அதற்கு மேல் செய்வது ஓடி, ஒன்றரை மடங்கு கூலி. மாதத்துக்கு 72 மணி நேரம்தான் உச்சவரம்பு. ஒரு மணி நேரக் கூலி எப்படி வருகிறது? மாத பேஸிக்கைப் பன்னிரண்டால் பெருக்கி, 52 பெருக்கல் 44, அதாவது 2,288ஆல் வகுக்க வேண்டும். பேஸிக் 572 டாலர் என்று வையுங்கள், கணக்குச் சுத்தமாக மூன்று டாலர் வரும். அப்படியானால் ஓடிக்கு நாலரை. கம்பெனி அதையும் மூன்று என்று போட்டால் 72 மணி நேரத்துக்கு 108 டாலர் போச்சு. வருஷத்துக்கு 1,296. நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் வாங்கினேன். எங்கள் ரூமில் யாருக்கும் இந்தக் கணக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புக் கணக்குக்கூட இல்லை இது!

சம்பளம் மாதம் முடிந்து ஏழு நாளுக்குள், ஓடிக் காசு பதினாலு நாளுக்குள் வந்துவிட வேண்டும். 2016 ஏப்ரலிலிருந்து பேஸ்லிப் கொடுப்பது கட்டாயம்.

இனி என் கதை. 2018இல் ஆறு மாத ஓடிக் காசு வரவில்லை. கம்பெனி பேர் வேண்டாம். நானும் ரூமில் இருந்த ஒரு அண்ணனும் டிஏடிஎம் என்ற இடத்துக்குப் போனோம். சம்பளத் தகராறுகளை முதலில் அங்கேதான் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள், தீராவிட்டால் தீர்ப்பாயம். கம்பெனிக்காரர் ஒரு ஃபைலைத் திறந்து, ஓடி வாங்கிக்கொண்டதாக நான் கையெழுத்துப் போட்ட வவுச்சர்களை எடுத்து வைத்தார். தொகை எழுதாத நேரத்தில் நான் போட்ட கையெழுத்து அது. அந்த அண்ணன் மட்டும் வெற்று வவுச்சரில் எப்போதும் கையெழுத்துப் போட்டதில்லை. பதிலுக்குப் பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். காலையில் லாரி டார்மை, அதாவது நாங்கள் தங்கும் விடுதியை, விட்டுக் கிளம்பிய நேரம், எந்த சைட், இரவு எத்தனை மணிக்கு வேலை விட்டது, எல்லாம் நாள்தவறாமல். மழைக்கு நின்ற நேரத்தைக்கூட எழுதியிருந்தார்! அவருக்கு முழுக் காசும் வந்தது. எனக்குப் பாதி. அந்த அண்ணன் எட்டாவது வரைதான் படித்தவர்.

வேலையில் இருக்கும்போது புகார் கொடுப்பதானால் சம்பளம் வரவேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதம்தான். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் விட்டதுதான்.

அடிபட்டாலும் காகிதம்தான். கை நசுங்கினால் சூப்பர்வைசர் கூடவே கிளினிக்குக்கு வருவார். டாக்டரிடம் அவரே பேசுவார். ரூமில் வழுக்கி விழுந்தான் என்பார், எம்சி, அதாவது மருத்துவ லீவுச் சீட்டு, வேண்டாம், லைட் டியூட்டி போதும் என்பார். நீங்கள் வாயைத் திறந்து எங்கே, எப்படி, எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் சொல்லுங்கள், அது மருத்துவக் குறிப்பில் ஏறட்டும். யார் தவறு என்று பார்க்காமலேயே நஷ்டஈடு கொடுக்கும் சட்டம் அங்கே இருக்கிறது. 2020 செப்டம்பரிலிருந்து லைட் டியூட்டி கொடுத்தால்கூடக் கம்பெனி அந்த விபத்தை எம்ஓஎம்முக்குத் தெரிவித்தாக வேண்டும்.

பின்னால் தங்கச்சிகள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொன்ன 44 மணி நேரக் கணக்கு பொருந்தாது, அந்தச் சட்டம் அவர்களைச் சேர்க்கவில்லை. எனக்கு இன்றும் ஒப்பாத விஷயம் அது. வாரம் ஒரு நாள் லீவு உண்டு. வீட்டுக்காரர் காசு கொடுத்து லீவு நாளிலும் வேலை வாங்கலாம், ஆனால் 2023 ஜனவரியிலிருந்து மாதத்தில் ஒரு நாளையாவது அப்படி ஈடுகட்ட முடியாது. அந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்காதீர்கள்.

சட்டம் இவ்வளவு இருந்தும் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை? கோழைத்தனம் என்று சொல்லாதீர்கள், எனக்குக் கோபம் வரும். பெர்மிட்டை முதலாளி எப்போது வேண்டுமானாலும் கட் பண்ணலாம். இங்கே அம்மா நகை அடகில் இருக்கிறது, வட்டி ஓடுகிறது. திருப்பி அனுப்பிவிட்டால் அந்தக் கடனை எதை வைத்து அடைப்பது? அந்தப் பயம் சூப்பர்வைசருக்கும் தெரியும். "நீ ஓடிப்போனால் 5,000 டாலர் உன் தலையில்" என்று மிரட்டுவார்கள். அந்த 5,000 முதலாளி அரசுக்குக் கொடுக்கும் பிணை. அதை உங்களிடம் வாங்கக் கூடாது. வேலை கொடுப்பதற்கு முதலாளி கமிஷன் வாங்குவதும் அங்கே குற்றம், சிறைத் தண்டனை வரை உண்டு. சிங்கப்பூர் ஏஜென்சி அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். நம் நாட்டில் பதிவுபெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். நீங்கள் ஏஜென்டிடம் எவ்வளவுக்குப் பேசியிருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. முகங்களைப் பார்த்தாலே தெரிகிறது.

வாசல் மேசையில் நோட்டுகள் அடுக்கியிருக்கிறது, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். லாரி நேரம் எல்லாம் அங்கே போய் எழுதலாம். முதல் பக்கத்தை இன்றைக்கு ராத்திரி எழுதிவிடுங்கள்: யாரிடம், எந்தத் தேதியில், எவ்வளவு கொடுத்தீர்கள், யார் கூட இருந்தார்கள். பேனா மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குக் காசு பத்தவில்லை.