மெயிலிங் லிஸ்ட்ல சேர்ந்தாச்சு, அடுத்து என்ன?

வணக்கம் நண்பர்களே! மெயிலிங் லிஸ்ட்ல புதுசா சேர்றவங்களுக்கான வீடியோ இது. லிஸ்டுக்குன்னு ஒரு முகவரி இருக்கும். அதுக்கு நீங்க மெயில் போட்டா, அங்க ஓடுற மென்பொருள் எல்லா உறுப்பினருக்கும் ஆளுக்கொரு நகல் அனுப்பிடும். 1986-ல வந்த லிஸ்ட்சர்வ்ங்கிற மென்பொருள்ல இருந்து இன்னைக்கு மெயில்மேன், கூகுள் குரூப்ஸ் வரைக்கும் அடிப்படை இதுதான்.

பெரும்பாலும் சேரும்போது உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு மெயில் வரும். வரலையா, ஸ்பேம்ல தேடுங்க. உங்க பேர்ல வேற யாரும் சேர்த்துவிடக் கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு.

விலகுறப்போதான் நிறைய பேர் தடுமாறுறாங்க. "என்னை நீக்குங்க"ன்னு லிஸ்ட் முகவரிக்கே எழுதினா, அது எல்லாரோட இன்பாக்ஸுக்கும் போகும், ஆனா உங்க பேரு அப்படியேதான் இருக்கும். விலகுறதுக்குத் தனி முகவரி இருக்கு. கூகுள் குரூப்ஸ்னா குரூப் பேருக்கு அப்புறம் 'பிளஸ் அன்சப்ஸ்கிரைப்' சேர்த்து, அட் கூகுள்குரூப்ஸ் டாட் காம். எந்த முகவரியில சேர்ந்தீங்களோ அதுல இருந்தே அனுப்பணும்.

இப்போ முக்கியமான விஷயம், த்ரெட். அதாவது ஒரு மெயிலும் அதுக்கு வந்த பதில்களும் சேர்ந்த ஒரே பேச்சு. ஒவ்வொரு மெயிலுக்கும் மெசேஜ் ஐடின்னு ஒரு அடையாளம் இருக்கு. நீங்க ரிப்ளை அழுத்தினதும், எந்த மெயிலுக்குப் பதில்ங்கிறது 'இன் ரிப்ளை டூ'ங்கிற வரியில பதிவாகிடும். அது சாதாரணமா நம்ம கண்ணுல படாது. அதனால பழைய மெயிலைத் திறந்து ரிப்ளை போட்டு, சப்ஜெக்டை மட்டும் மாத்திப் புதுக் கேள்வி கேட்காதீங்க. பல செயலிகள்ல உங்க கேள்வி அந்தப் பழைய பேச்சுக்கு அடியிலயே ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். அந்தத் த்ரெட்டை ஒதுக்கி வச்சவங்க கண்ணுக்கே அது வராது. பதில் தெரிஞ்சவரும் அதுல ஒருத்தரா இருக்கலாம்! புதுக் கேள்வியா, புது மெயில்.

தினமும் மெயில் குவியுதுன்னா டைஜஸ்ட் வாங்கிக்கலாம், எல்லாம் ஒரே தொகுப்பா வரும். வாசிக்க நல்லா இருக்கும். ஆனா அதுக்கு அப்படியே ரிப்ளை போட்டா மொத்தத் தொகுப்பும் திரும்பப் போகும், சப்ஜெக்ட்ல வெறும் தொகுப்பு எண்தான் நிக்கும். சப்ஜெக்டை மாத்துங்க, தேவையான நாலு வரியை மட்டும் விட்டுட்டு மீதியை வெட்டுங்க.

கடைசியா, சில லிஸ்ட்ல நீங்க போடுற ரிப்ளை, அந்த மெயிலை எழுதினவருக்கு மட்டும் போகும், சிலதுல எல்லாருக்கும் போகும். லிஸ்டை நடத்துறவங்கதான் அதை அமைச்சிருப்பாங்க. அனுப்புறதுக்கு முன்னாடி 'டூ' கட்டத்துல இருக்கிற முகவரியை ஒரு தடவை படிச்சிடுங்க. லிஸ்டுக்குப் போன மெயிலைத் திரும்ப வாங்க முடியாது.