பழைய லெகோ விண்கலமும் கல்லடி வெயிலும்

(பாயில் ஒரு பழைய டின் கவிழ்கிறது. துண்டுகள் சிதறும் சத்தம்.)

வணக்கம், மட்டக்களப்பு கல்லடியில இருந்து பேசுறன். இதெல்லாம் லெகோ எண்ட, ஒண்டோட ஒண்டு கொளுவிக் கட்டுற பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான்ட பழைய விண்வெளித் துண்டுகள். கனடாவில பெரியப்பா வீட்டு நிலவறையில கிடந்து, பார்சல்ல வந்தது.

லெகோட இந்த விண்வெளித் தொடர் 1978இல தொடங்கினது. அந்த வருசம் நவம்பரில இஞ்ச சூறாவளி அடிச்சு எங்கட கூரையெல்லாம் பறந்தது. நாங்க ஓடு பொறுக்கின காலத்தில எங்கேயோ பிள்ளைகள் சந்திரனில வீடு கட்டியிருக்குங்கள்!

நான் திருப்பிக் கட்டுறது 1979இல வந்த கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் எண்ட விண்கலம். 338 துண்டு. நீலமும் சாம்பலும், மஞ்சள் கண்ணாடி.

(கிட்டக் காட்சி: சிவப்பு விண்வெளி வீரன்)

ஹெல்மெட்டுக்குக் கீழ, நாடியச் சுத்தி வாற பட்டியப் பாருங்க. நூல் மாதிரி மெல்லிசு, நடுவில வெடிச்சிருக்கு. இந்தப் பழைய ஹெல்மெட்டில வழமையா வாற வருத்தம்தான் இது. பிறகு லெகோ பட்டியத் தடிப்பாக்கினது. நெஞ்சில அச்சடிச்சிருக்கிற தங்கக் கோள் படத்தை பிரஷ்ஷால தேய்க்காதீங்க, அழிஞ்சிரும்.

மறுகா, கழுவுறது. இளஞ்சூட்டுத் தண்ணி, 40 பாகைக்கு மேல வேணாம். பாத்திரம் கழுவுற சோப் ரெண்டு சொட்டு. நிழல்ல காய வைங்க. நான் முதல் தரம் தகரக் கூரையில பரப்பினன். பின்னேரம் போய்ப் பார்த்தா நீளத் தகடு ரெண்டும் வளைஞ்சு கிடக்கு.

வெயில்ட வேலை அதோட முடியாது. 1963இல இருந்து லெகோ ஏபிஎஸ் எண்ட பிளாஸ்டிக்கில வருது. அதில இருக்கிற ரப்பர்ப் பகுதிய புற ஊதாக் கதிரும் காத்தும் சேர்ந்து அரிக்க, வெள்ளைத் துண்டு பழுப்பேறும். ஹைட்ரஜன் பெரொக்சைட்டில ஊறவிட்டு வெளிச்சம் காட்டினா வெளுக்கும்தான். ஆனா பழுப்பு திரும்பி வரலாம், துண்டும் முறுகிப்போகும் எண்டு சொல்றாங்க. நான் பழுப்போடயே விட்டிட்டன். ஜன்னலோரம் வைக்காட்டிப் போதும்.

துண்டு குறைஞ்சா? துண்டோட துண்டு கொளுவுறதுக்கு 1958இல காப்புரிமை எடுத்த அந்தப் பொருத்தம் இன்னும் மாறல, புதுத் துண்டும் டக்கெண்டு கொளுவும். நிறம்தான் சதி. 2004 அளவில லெகோ சாம்பலை நீலம் கலந்த சாம்பலா மாத்திப்போட்டுது. பக்கத்தில வைச்சா அப்பட்டமாத் தெரியும்.

(கலத்தைக் கவிழ்க்கிறேன்)

அதால புதுச் சாம்பல் அஞ்சையும் கலத்துக்கு அடியில போட்டிருக்கிறன். மேசையில இருக்கிறவரை ஒருத்தருக்கும் தெரியல. மருமகன் தூக்கின உடன கேட்டான்: "மாமா, இது ஏன் வேற கலர்?"