வந்தவாசியை விடுங்கள், 1746க்கு வாருங்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் கடுப்பில் இருக்கிறேன். போன வீடியோவுக்குப் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: வந்தவாசிப் போரில் ஆங்கிலேயரிடம் தோற்காமல் பிரெஞ்சுக்காரர்கள் ஜெயித்திருந்தால்? ஒன்றும் ஆகியிருக்காது. 1760இல் அந்தப் போர் நடந்தபோது பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் கப்பல் இல்லை, சிப்பாய்களுக்குக் கொடுக்கக் காசில்லை. வங்காளத்துப் பணமெல்லாம் அதற்குள் ஆங்கிலேயர் பக்கம் போயாயிற்று. ஆட்டம் முடிந்த பிறகு காய் நகர்த்தி என்ன பயன்?

பிரெஞ்சுக்காரர்கள் ஜெயித்திருக்கக்கூடிய ஆண்டு என் கணக்கில் 1746. பிரெஞ்சுப் பகுதிகளை வழக்கம்போல வரைபடத்தில் தீட்டிக் காட்டலாம் என்று நாற்பது ரூபாய்க்கு நீல மார்க்கர் வாங்கினேன். காரைக்கால் ஆயிற்று, புதுச்சேரி ஆயிற்று, மரக்காணம் தாண்டவில்லை, மை நின்றுவிட்டது! உதறினேன், ஊதினேன், வெந்நீரில்கூட வைத்தேன். "எழுதிப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்?" என்கிறார் கடைக்காரர். ஆமாம், எழுதிப் பார்த்தேன். அதுதான் வயிற்றெரிச்சல். சென்னை வரைக்கும் நீங்களே மனதுக்குள் நீலம் பூசிக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் லா பூர்தொனே ஆங்கிலேயரின் சென்னைக் கோட்டையைப் பிடித்துவிட்டார். பிடித்த கையோடு, 11 லட்சம் வராகன் கொடுத்தால் திருப்பித் தருகிறேன் என்று ஆங்கிலேயரிடமே பேரம் பேசினார். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு ரத்தம் கொதித்தது. அட, ஒன்றை விட்டுவிட்டேன்: லா பூர்தொனே டூப்ளேயின் ஆள் இல்லை. மொரீஷியஸ் ஆளுநர், அங்கிருந்து கப்பல்களோடு வந்தவர். அதனால்தான் யார் பெரியவர் என்ற சண்டை. அந்த இழுபறியில் அக்டோபர் நடுப்பகுதி வந்துவிட்டது. ஐப்பசி நெருங்கும்போது சோழமண்டலக் கரையில் கப்பலை நிறுத்தி வைப்பார்களா யாராவது? புயல் அடித்துப் பல கப்பல்கள் போயின. மிச்சத்தை இழுத்துக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார்.

இருவரும் ஒத்துப்போய், மழைக்காலத்துக்கு முன்பே கப்பல்களைப் பத்திரமாக அனுப்பிவிட்டுத் தை மாதம் திரும்பியிருந்தால் ஆங்கிலேயரின் கடலூர்க் கோட்டையும் விழுந்திருக்கும். அப்புறம் இந்தக் கரையில் ஆங்கிலேயருக்குக் கால் வைக்க இடம் ஏது? நிஜத்தில் டூப்ளே கப்பல் இல்லாமலே கடலூர்மேல் திரும்பத் திரும்பப் படை அனுப்பித் தோற்றார். 1748 ஒப்பந்தத்தில் ஆங்கிலேயர் பிடித்திருந்த கனடாவின் லூயிபூர் கோட்டைக்குப் பதிலாகச் சென்னையையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் "பிரெஞ்சுக்காரர் ஆண்டிருந்தால் சொர்க்கம்" என்று எழுதுகிறவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. வியட்நாமையும் அல்ஜீரியாவையும் கேட்டுப் பாருங்கள். 1954இல் தியன் பியன் பூவில் தோற்ற பிறகுதான் வியட்நாமை விட்டார்கள். புதுச்சேரி நம் கைக்கு வந்ததும் அதே ஆண்டு நவம்பரில்தான். தமிழ்நாடு முழுக்க அவர்கள் கையில் இருந்திருந்தால் அவ்வளவு லேசில் விட்டிருப்பார்களா?

அய்யோ, முக்கியமானதை மறந்தேன். சென்னையில் அன்று பிடிபட்டவர்களில் 20 வயதுக் குமாஸ்தா ஒருவர் உண்டு: ராபர்ட் கிளைவ். பேரத்தை டூப்ளே ரத்து செய்ததும், மாறுவேடத்தில் கடலூருக்குத் தப்பிவிட்டார். அந்தக் கோட்டை விழுந்திருந்தால் எங்கே போயிருப்பார்? அடுத்த வாரம் அந்தக் கடலூர்க் கோட்டை இருந்த தேவனாம்பட்டினத்தில் நின்று பேசுகிறேன், இரண்டு நீல மார்க்கரோடு.